குசினியிலிருந்து வந்த சிரிப்பு

சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறேன் என்று சொன்னால் சிலர், "அப்ப பெரிய கதையெல்லாம் எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்பார்கள். வேறு சிலர் உடனே தங்கள் பிள்ளையை இழுத்து என் முன்னால் நிறுத்தி, "டீச்சருக்கு வணக்கம் சொல்லு" என்பார்கள். பிள்ளை வணக்கம் சொல்லிவிட்டு ஓடிவிடும். முப்பது வருடமாக எனக்கும் என் வாசகர்களுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் இவ்வளவுதான்.

கண்டியில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றேன். பதினொரு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். எல்லாம் மெல்லிய புத்தகங்கள், பதினொன்றையும் சேர்த்து அடுக்கினால் ஒரு செங்கல் உயரம் வரும். கண்டியில் வீடு என்றதும் வெளியூர்க்காரர்கள் ஏரி தெரியுமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி தெரியும். அதன் மேல் வந்து உட்காரும் காகத்தைப் பார்த்துத்தான் என் முதல் புத்தகத்தை எழுதினேன்.

எழுதுவதில் எனக்கு ஒரு முறை இருந்தது. சிறுவர் கதையைக் கண்ணால் வாசித்துத் திருத்தக்கூடாது, உரத்து வாசித்துக் காது சொல்கிறபடி திருத்தவேண்டும் என்பது என் கட்சி. சனி, ஞாயிறு பின்னேரங்களில், தேத்தண்ணி குடித்து முடிந்ததும், கொப்பியை எடுத்துக்கொண்டு முன் அறையில் உட்காருவேன். எதிரே கதிரையில் என் மகன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு கால் கதிரையின் கீழே இருக்கும், மற்றக் கால் வாசற்பக்கம் திரும்பியிருக்கும், வெளியே ஒழுங்கையில் கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். மரியாதையான பிள்ளை, எழுந்து போகமாட்டான். ஆனால் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனின் முகத்தோடு உட்கார்ந்திருப்பான். எவ்வளவு வேடிக்கையான இடம் வந்தாலும் அந்த முகம் அசையாது.

சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வரும். முன் அறைக்கும் சமையல் நடக்கும் குசினிக்கும் நடுவே ஒரு கதவு. அது எப்போதும் பாதி திறந்திருக்கும். அதன் பின்னாலிருந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஒரு சின்னச் சத்தம் வரும். நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் போட்டுக்கொண்டு மேலே வாசிப்பேன். சரி விழுந்த இடங்களை வைத்துக்கொள்வேன். சரி விழாத பக்கங்களை வெட்டிவிடுவேன். இப்படித்தான் நான்கு புத்தகங்களை எழுதி முடித்தேன்.

பிற்காலத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறைகளில் இந்த முறையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கதையை வாசித்துக் காட்டுங்கள், சிரிப்பு வருகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பெரிய விமர்சகர் கிடையாது என்பேன். ஒருமுறை யாரோ, "யாரு டீச்சர் சிரிக்கிறது?" என்று கேட்டார்கள். "என்ட மகன்" என்று சொன்னேன். யோசிக்காமல் வந்த பதில் அது. பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

சிரித்தவள் எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த பிள்ளை. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். எங்களைப் போன்ற வீடுகளில் இதற்கென்றே ஒரு பேச்சுமுறை உண்டு. "தோட்டத்துப் பக்கம் ஒரு பிள்ள பிடிச்சுத் தாங்களேன்" என்று தெரிந்தவர்களிடம் சொல்லிவைப்போம், பூனைக்குட்டி கேட்பதுபோல. இத்தனைக்கும் என் அப்பாவே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஒரு தலைமுறை ஏறி வந்ததும் கீழே இருந்து ஒரு பிள்ளையைக் கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கவில்லை. அவளுடைய அப்பா ஒரு பை நிறையப் போஞ்சிக்காயோடு அவளை அழைத்துக்கொண்டு வந்தார். வயது பதினான்கு என்றார். நான் நம்பினேன், நம்புவது வசதியாக இருந்தது. ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவள். நான்கு வருடம் எங்களோடு இருந்தாள். அவளுடைய அம்மாவுக்குச் சுகமில்லாமற் போனதும் திரும்பிப் போய்விட்டாள்.

யாராவது கேட்டால், "வீட்டுப் பிள்ள மாதிரித்தான் வச்சிருக்கோம்" என்போம். உண்மைதான். நாங்கள் சாப்பிட்ட சோற்றைத்தான் அவளும் சாப்பிட்டாள், குசினியில். தீபாவளிக்குப் புதுச்சட்டை எடுத்துக் கொடுத்தோம். பல்வலி வந்தபோது நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். அவளை யாரும் அடித்ததில்லை, ஏசியதில்லை. இந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். ஏன் மனப்பாடமாயிற்று என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

போன வருடம் ஓர் இலக்கிய அமைப்பு இளையோருக்கான நாவல் போட்டி நடத்தியது. முதலிடம் பெறுகிற பிரதியை அவர்களே புத்தகமாகப் போடுவார்கள். இரண்டாமிடத்துக்குச் சான்றிதழ் மட்டும். நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் கம்பளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவர், ஒரு வரியைக்கூட விடாமல் வாசிப்பவர். இன்னொருவர் பேராதனையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர், என்னைவிட இருபது வயது இளையவர், தடித்த கண்ணாடி போட்ட பெண். மூன்றாவது ஆள் நான். பிரதிகளில் எழுதியவர் பெயர் இராது, இலக்கம் மட்டும் இருக்கும். எழுதியவர் யார் என்று ஒரு நடுவருக்குத் தெரிந்துவிட்டால் உடனே அறிவித்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

பிரதிகள் பெட்டியில் வந்து சேர்ந்தன. பெரும்பாலானவற்றில் ஒரு கெட்ட பையன் கடைசி அத்தியாயத்தில் திருந்தினான். சிலவற்றில் கைபேசியால் ஒரு பிள்ளை கெட்டு, புத்தகத்தால் மீண்டது. ஒன்றில் காட்டு விலங்குகள் கூட்டம் போட்டு ஒற்றுமையே பலம் என்று தீர்மானம் நிறைவேற்றின. குறை சொல்வதற்கு எனக்குத் தகுதி குறைவு, என் பதினொரு புத்தகங்களில் எட்டில் கடைசிப் பக்கம் இப்படித்தான் முடியும். நம்மவர்களுக்குப் பிள்ளை ஒரு பக்கத்தை வாசித்தால் கையோடு ஒரு புத்தி சொல்லி அனுப்பவேண்டும், வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதுபோல.

ஏழாம் இலக்கப் பிரதியின் தலைப்பு 'சோறு வேகும் நேரம்'. தோட்டத்திலிருந்து டவுன் வீட்டுக்கு வேலைக்குப் போகும் ஒரு சிறுமி தானே சொல்லும் கதை. முதல் பத்துப் பக்கம் லயத்தில் நடக்கிறது. பதினோராம் பக்கத்தில் அவள் டவுன் வீட்டு ஜன்னலைத் திறக்கிறாள். எதிரே ஒரு தண்ணீர்த் தாங்கி. அதன் மேல் ஒரு காகம். "அம்மா இந்தக் காக்காவப் பாத்துத்தான் கத எழுதுனாங்களாம், காக்காவுக்குத் தெரியாது" என்று இருந்தது.

நான் பிரதியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைப் பார்த்தேன். தாங்கி அங்கேதான் இருந்தது.

அந்தக் கணமே அமைப்பாளரை அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. எழுதியவரைத் தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். திரும்ப வந்து உட்கார்ந்து மிச்சத்தையும் வாசித்தேன்.

அந்த வீட்டில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. சனிக்கிழமைகளில் புத்தகங்களைத் தூசி தட்டுவது அவள் வேலை. "அம்மா புத்தகத்த எல்லாம் ஒசரப்படி அடுக்கி வைப்பாங்க. நான் கெழமைக்கு ரெண்டு புத்தகத்த எடம் மாத்தி வைப்பேன். ஓநாய்க் கதைக்குப் பக்கத்துல ஆட்டுக்குட்டிக் கதைய வச்சிட்டு, அடுத்த கெழம வந்து ஆட்டுக்குட்டி இருக்கான்னு பாப்பேன். யாரும் கண்டுபிடிக்கல." வார நாட்களில் வாசிப்பதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் தலைப்பு. "அரிசி போட்டா சோறு வேக இருவது நிமிசம். ஒரு கதைக்குப் பதினஞ்சு. மிச்சம் அஞ்சு நிமிசத்துல புத்தகத்த அதே எடத்துல வச்சிட்டு, கையக் கழுவிட்டு, அடுப்புக்கிட்ட நிக்கணும்." என் அலுமாரியில் இருந்த அத்தனை புத்தகங்களையும் அவள் நான்கு வருடத்தில், சோறு வேகும் நேரத்தில், நின்றபடி வாசித்து முடித்திருக்கிறாள். நான் அவற்றில் பாதியைத்தான் வாசித்திருப்பேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் வந்தது கோபம்தான். அப்போதுதான் அந்தப் பட்டியலைப் போட்டேன்: சோறு, தீபாவளிச் சட்டை, பல்வலி, ஆஸ்பத்திரி வரிசை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் என்னைக் கெட்டவளாக எழுதியிருக்கும் இடத்தைத் தேடினேன். அப்படி ஓர் இடமும் இல்லை. "அம்மா நல்லவங்க. அடிக்கல, ஏசல. பல்லு வலிச்சப்ப கூடவே நின்னாங்க" என்று அவளே எழுதியிருந்தாள். என் பட்டியலை அவள் எனக்கு முன்பே எழுதி முடித்துவிட்டாள். நான் தற்காப்புக்கு வைத்திருந்த ஒன்றையும் அவள் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. அதை நான் பிரதியைப் பார்த்து எழுதவேண்டியதில்லை, மனப்பாடம்.

"அம்மா கத வாசிப்பாங்க. தம்பி கேக்க மாட்டாரு. தம்பி மொகத்தப் பாத்து அம்மாவோட கொரலு சின்னதாப் போகும். அப்படியே விட்டா கொப்பிய மூடிருவாங்க. கத நின்னுரும். அதனால நான் சிரிப்பேன். சிரிச்சா அம்மா இன்னொரு பக்கம் வாசிப்பாங்க. நல்லாருக்கிற எடத்துலயும் சிரிச்சேன், நல்லா இல்லாத எடத்துலயும் சிரிச்சேன். தவளக் கதையில மொதப் பக்கம் மட்டுந்தான் நல்லாருந்துச்சு. மிச்சமெல்லாம் புத்தி சொல்றது. அதுக்குத்தான் ரொம்பச் சிரிக்க வேண்டியிருந்துச்சு."

தவளைக் கதை என் பெயரை வெளியே கொண்டுபோன கதை. ஒரு தவளை அடையாள அட்டை எடுப்பதற்காகக் கிராம சேவகரிடம் போகிறது. விலாசம் கேட்கிறார். பாதி வருடம் தண்ணீரில், பாதி வருடம் கரையில், எதைக் கொடுப்பது என்று தவளைக்குக் குழப்பம். அது முதற்பக்கம். இரண்டாம் பக்கத்திலிருந்து தவளை சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றிப் பேச ஆரம்பிக்கும், கடைசி வரை நிறுத்தாது.

பழைய கொப்பிகளைக் கட்டிவைத்திருந்த பெட்டியை இறக்கினேன். தவளைக் கதை நீலக் கொப்பியில் இருந்தது. முதற்பக்கத்தில் இரண்டு சரி. இரண்டாம் பக்கத்திலிருந்து வரிக்கு வரி சரி, ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்பது. கொசு பெருகும் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள் என்று தவளை சொல்லும் வரிக்குப் பக்கத்தில்கூட ஒரு சரி. அந்த வரிக்குச் சிரிக்கக்கூடிய ஒரு பிள்ளை உலகத்தில் இருக்க முடியாது. நான்கு கொப்பிகளையும் புரட்டினேன். எந்தச் சரி நிஜம், எந்தச் சரி கதை நிற்காமல் இருப்பதற்காகப் போட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று உண்மையாகவே அழுதேன். அவளுக்காகவா என் புத்தகங்களுக்காகவா என்று கேட்டால், அன்றைக்கு என் புத்தகங்களுக்காகத்தான்.

அவளுக்காக மனம் நொந்தது கடைசி அத்தியாயத்துக்கு முந்தியதில். சிறுமி வீட்டுக்குத் திரும்பும் நாள். அம்மா அவளுக்கு ஒரு சேலையும் ஒரு பை சாமானும் கொடுக்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிறது. அவள் அலுமாரிக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்கிறாள். "எதையாவது மறந்துட்டியா?" என்று அம்மா கேட்கிறார். "இல்லம்மா" என்கிறாள்.

அந்தக் காலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேட்டதும் ஞாபகம் இருக்கிறது. நான்கு வருடத்தில் நான் அவளுக்கு ஒரு புத்தகம்கூடக் கொடுத்ததில்லை. தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டுக்கட்டாக இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள். வாசிப்பு ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்று மேடையில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, அதே குரலில், தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். ஏன் கொடுக்கவில்லை என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். கஞ்சத்தனம் இல்லை, வெறுப்பும் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றவில்லை என்பதைவிட மோசமான காரணம் ஒன்று இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புள்ளித்தாளை நிரப்ப ஒரு கிழமை எடுத்தது. கூடப் போட்டால் மனச்சாட்சிக்கு லஞ்சம், குறைத்துப் போட்டால் பழிவாங்கல். பென்சிலால் எழுதி, அழித்து, தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிற்று. கடைசியில் நடுவான ஒரு புள்ளியைப் போட்டுவிட்டு, மற்ற இருவரும் நன்றாகப் போட்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். அமைப்பாளரிடம் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் நகரத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்தது. கீழே பஸ் ஹோர்ன் சத்தம், மேலே ஒரு மின்விசிறி, மேசையில் பிளேன்டீயும் பிஸ்கட்டும். இரண்டு பிரதிகள் முன்னுக்கு நின்றன. ஒன்று ஏழாம் இலக்கம். மற்றது ஒரு கெட்ட பையன் திருந்தும் கதை, பிழையில்லாமல் எழுதப்பட்டது, பிழை இல்லை என்பதைத் தவிர அதில் சொல்லிக்கொள்ள வேறொன்றுமில்லை.

அதிபர் ஏழாம் இலக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஓரங்களில் எல்லாம் அவருடைய பொடி எழுத்து.

"பாஷ நல்லம். பிள்ளைட மனசு நல்லா வந்தீக்கி. ஆனா ஒரு பெரிய குற இருக்கு டீச்சர். அந்த அம்மா. அவங்க சிறுவர் கத எழுதுறவங்க, நல்ல மனிசி, பிள்ளய ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிட்டுப் போறாங்க. அப்படிப்பட்டவங்க நாலு வருஷமா ஒரு புத்தகம் சரி குடுக்காம இருப்பாங்களா? கடைசி நாள், பிள்ள அலுமாரிக்குக் கிட்ட நிக்குது. மறந்துட்டியான்னு கேக்குறாங்க. அப்பவும் வெளங்கல்லயாம். இது நம்பக்கூடியதா இல்ல."

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம் சேர், எனக்கும் அதிலதான் இடிச்சது. கெட்ட மனுசி எண்டால் விளங்கும். நல்ல மனுசி எண்டால் குடுத்திருப்பா. ரெண்டும் ஒரே ஆளிட்ட எப்பிடி வரும்? எழுதின பிள்ளைக்கு அந்தப் பாத்திரம் சரியாப் பிடிபடேல்ல."

பாத்திரப் படைப்புக்கு இருவரும் பாதிப் புள்ளியும் போட்டிருக்கவில்லை. கூட்டிப் பார்த்ததில் திருந்திய பையன் மூன்று புள்ளியால் முன்னுக்கு நின்றான். ஏழாம் இலக்கத்துக்கு ஒரு சான்றிதழ் போகும், பிரதி ஒரு பெட்டிக்குள் போகும். அந்த மேசையைச் சுற்றி இருந்த மூவரில் அந்தப் பாத்திரம் எவ்வளவு சரியாகப் பிடிபட்டிருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்காவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவளுக்கே தெரியாது.

சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன். "அப்படியும் ஆக்கள் இருப்பாங்க சேர்" என்றேன்.

"இருப்பாங்கன்னு நீங்க செல்றீங்க. கத செல்லணும்" என்றார் அதிபர், பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி. "வாசிக்கிற பிள்ள நம்பணும். எனக்கே நம்ப ஏலாதே."

"இருந்தாங்க" என்றேன். "அது நான்தான். அந்த வீடு என்ட வீடு. அந்தப் பிள்ள நாலு வருஷம் எங்ககூட இருந்திச்சு. நான் ஒரு புத்தகமும் குடுக்கல. மறந்துட்டியான்னு கேட்டதும் நான்தான்."

பிஸ்கட் பாதி ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. அதிபர் அதைப் பார்த்தாரே தவிர எடுக்கவில்லை. விரிவுரையாளர்தான் முதலில் பேசினார். இளையவர், ஆனால் சரியாகப் பேசினார்.

"அப்ப நீங்கள் இதை முதலே சொல்லியிருக்க வேணும், டீச்சர்."

"ஓம்" என்றேன். யாழ்ப்பாணத்தார் சொல்லும் ஓம் என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வேறு சொல் கிடைக்கவில்லை.

விதிப்படி நான் விலக்கப்பட்டேன். என் புள்ளிகள் எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்கப்பட்டன. மற்ற இருவரும் ஏழாம் இலக்கத்தை மறுபடி வாசித்து முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதிபர் மரியாதையான மனிதர், படிக்கட்டு வரை கூட வந்தார். என்னைச் சமாதானப்படுத்த அவருக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"டீச்சர், ஒங்கட தவளக் கதைய நான் அதிபரா இருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கன். வருஷா வருஷம்."

"சிரிச்சாங்களா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "கை தட்டுவாங்க" என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு அமைப்பாளர் அழைத்தார். ஏழாம் இலக்கத்துக்கே முதலிடம் என்றார். உறையைத் திறந்து பார்த்ததில் இருந்த பெயரைச் சொன்னார். நான் நான்கு வருடம் ஒரு நாளைக்கு இருபது தடவை கூப்பிட்ட பெயர் அது. இப்போது அவள் ஹுன்னஸ்கிரியவில் ஒரு முன்பள்ளி ஆசிரியை, தனியார் பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவள் என்றும் சொன்னார். நடுவர் கூட்டத்தில் நடந்ததை அவளுக்குச் சொல்வதா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் அவளுக்கு ஏதோ செய்துவிட்டதாக அது ஒரு கதையாகிவிடும், அந்தக் கதையையும் நானே நல்ல முடிவோடு எழுதிவிடுவேன்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுத முயன்றேன். முதல் வரியிலேயே தவளை பேச ஆரம்பித்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

வெளியீடு ஒரு சனிக்கிழமை காலை, நகரத்தில் ஒரு சிறிய மண்டபத்தில். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார்கள். விடுமுறை நாளிலும் வெள்ளைச் சீருடை, எண்ணெய் வைத்து வாரிய தலைகள், மலைப் பாதையில் வந்த களைப்பு. எனக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நான் போகவில்லை. கடைசியில், தேத்தண்ணி ஊற்றும் இடத்துக்கான கதவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்துகொண்டேன். புத்தகத்தை வாசலிலேயே வாங்கி, முதல் முப்பது பக்கத்தை மறுபடி வாசித்திருந்தேன். பழக்க தோஷம், பென்சிலும் கையில் இருந்தது.

அவள் மேடைக்கு வந்தாள். அவளைப் பார்த்துப் பதினொரு வருடம். சற்று உடம்பு வைத்திருந்தது, நடை மாறவில்லை, சத்தமில்லாமல் வந்து நிற்கும் நடை. தலைவர் பேசினார், பிரதம விருந்தினர் பேசினார், வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று இருவருமே சொன்னார்கள். பிறகு அவளை ஒரு பகுதி வாசிக்கச் சொன்னார்கள்.

லயத்தில் நடக்கும் அத்தியாயத்தை எடுத்திருந்தாள். ஒரு சேவல் கணக்கப்பிள்ளையின் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்துக் கூவி, தோட்டம் முழுவதையும் பிந்தி எழுப்பிவிடும் இடம். குனிந்த தலை நிமிராமல், வேகமாக, ஒலிவாங்கிக்கு மிக அருகில் வாசித்தாள். முன்வரிசைப் பெரியவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பிள்ளைகள் கேட்கவில்லை. ஒருவன் டொபி உறையைப் பிரித்துக்கொண்டிருந்தான், இரண்டு பேர் காலால் உதைத்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்களுக்கெல்லாம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனின் முகம். அவள் ஒருமுறை கண்ணை உயர்த்தி அந்த முகங்களைப் பார்த்தாள். அவளுடைய குரல் சின்னதாகப் போகத் தொடங்கியது. சேவலும் கணக்கப்பிள்ளையும் சந்திக்கும் வரி வந்தது. சிரிப்பு வரவேண்டிய வரி. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் நிறுத்தினாள். இடது கைவிரல் பக்கங்களுக்கு நடுவே இருந்தபடியே புத்தகம் மெல்ல மூடத் தொடங்கியது.

அந்த இடம் அவ்வளவு நன்றாக இல்லை. அன்று காலை வாசித்தபோதே ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தேன். ஆனால் அவள் நிறுத்திவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. வேறெதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை, அவள் நிறுத்தக்கூடாது. நான் சிரித்தேன். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, வாயைப் பொத்தாமல், ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் சிரிக்கக்கூடாத அளவுக்குச் சிரித்தேன். டொபி தின்ற பையன் திரும்பி என்னைப் பார்த்தான். யார் இந்தக் கிழவி என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவனைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவள் சிரித்தாள்.

அவள் நிமிர்ந்து, சிரிப்பு ஆரம்பித்த பக்கத்தைப் பார்த்தாள். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு பக்கம் வாசித்தாள்.